ரெண்டு தட்டினால் வரலாம்

அருப்புக்கோட்டை
9.6.2024

தம்பி செல்லப்பாண்டிக்கு,

உன் அக்கா முருகேஸ்வரிதான் எழுதுகிறேன். போனை எடுக்காத ஆளிடம் தபால்காரர் மூலமாகத்தான் பேச முடியும் என்று ஆகிவிட்டது. ரெட்டியபட்டி பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் உன் வீடு வந்துவிடும். இருந்தும் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் தறிக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டு, "நேர்ல போயி ரெண்டு அறை குடுத்துட்டு வாயேன், அதுக்கு எதுக்கு ஸ்டாம்பு?" என்கிறார். நீ கதவையும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் வரவில்லை.

பிரியாவுக்கு மதுரையில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்துவிட்டது. இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். வளர்கிற பிள்ளை, எலும்பு நீள நீள இன்னும் ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஏழு வயதுப் பிள்ளை எனக்குத் தைரியம் சொல்கிறாள். நான்தான் ஆஸ்பத்திரி பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே முனீஸ்வரி என்று ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். தெருவில் நின்ற பிள்ளையை ஒரு வண்டி இடித்தால், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனிதான் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமாம். இதுவரை ஆன செலவு, இனி ஆகப்போகிற செலவு, காலில் நிற்கப்போகிற ஊனம், எல்லாவற்றுக்கும் கேட்கலாமாம். உன் லோடு வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, உனக்கு லைசென்ஸ் இருக்கிறது. நீ ஒரு பைசா கட்ட வேண்டாம். ஆனால் பிரியா பெயரில் போடுகிற மனுவில் வண்டிக்காரரான உன் பெயர் முதலில் வரும். முதல் எதிர்மனுதாரர் செல்லப்பாண்டி, தகப்பனார் பெயர் கோட்டைச்சாமி. "அவன் பேரு இல்லாமப் போட முடியாதாம்மா?" என்று கேட்டேன். "கம்பெனியக் கூப்பிடணும்னா ஓட்டுனவரையும் கூப்பிட்டுத்தாம்மா ஆகணும்" என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொல்கிறார். அவருக்கு அது தினப்படி வேலை.

இதில் ஒரு சிக்கல். அதை உண்டாக்கியதும் நான்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்பிடி ஆச்சு?" என்று கேட்டபோது நீ சட்டையெல்லாம் ரத்தத்தோடு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாய். உன்னைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். "மாடிப்படியில உருண்டு விழுந்துட்டா சார்" என்று சொல்லிவிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. வாயில் தானாக வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. வண்டி விபத்து என்று சொல்லியிருந்தால் முதல் இரண்டு நாள் வைத்தியத்துக்கே அரசாங்கத்தில் தனித் திட்டம் உண்டாம். அதையும் கெடுத்தேன்.

இனி நான் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். நீயும் ஸ்டேஷனுக்குப் போய் "ஓட்டியது நான்தான்" என்று சொல்ல வேண்டும். தம்பி மேல் புகார் கொடுக்கிற அக்காவை ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். நீ என்ன சொல்கிறாய் என்பதுதான் எனக்கு வேண்டும்.

அக்கா


எம்.ரெட்டியபட்டி
14.6.2024

அக்கா,

போனை எடுக்காததற்குக் கோபம் காரணம் இல்லை. போன மாதம் ஒருநாள் எடுத்தேன். நீதான் என்று நினைத்து "சொல்லுக்கா" என்றேன். அந்தப் பக்கம் பிரியா "மாமா" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கட் பண்ணிவிட்டேன். பிள்ளை என்ன நினைத்திருப்பாள்? அதிலிருந்து உன் பெயர் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

ஸ்டேஷனுக்குப் போக எனக்குப் பயமில்லை. அன்றைக்கே போயிருப்பேன். நீ முந்திக்கொண்டு மாடிப்படி கட்டிவிட்டாய். ஓட்டு வீட்டுக்கு மாடிப்படி கட்டிய ஒரே ஆள் நீதான்.

ஆனால் கம்பெனிப் பணம் வேண்டாம். இடித்தது நான். அதற்கு எவனோ ஏன் கட்ட வேண்டும்? கண்மாய்க்கு அந்தப் பக்கம் என் பங்குக்கு வந்த நிலத்தை விலை பேசியிருக்கிறேன். வண்டியையும் விற்றுவிடுவேன். மொத்தத்தையும் கொண்டுவந்து மச்சானிடம் கொடுக்கிறேன். அப்போதுதான் எனக்குத் தூக்கம் வரும்.

முதல் எதிர்மனுதாரர் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்தாள், வலிக்குது மாமா என்று என் சட்டையைக் கடித்தாள். அவள் போடுகிற கேஸில் நான் எதிரியா? கட்டினவள் காளீஸ்வரி வேறு, "ஒங்க அக்காவுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா?" என்று சண்டைக்கு வருகிறாள். நானும் உன்னை ரெண்டு வார்த்தை பேசினேன். அதை எழுத மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். பின்கதவில் இருந்த நெளிவை அடித்து நிமிர்த்திப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டேன். பின்னால் 'சத்யபிரியா' என்று பெரிதாக எழுதியிருந்தேனே, அதன் மேலேயும் அடித்துவிட்டேன். பின்னால் வருகிறவன் எல்லாம் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டு வருவான் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

தம்பி


அருப்புக்கோட்டை
22.6.2024

செல்லப்பாண்டி,

நிலத்தை விற்றாய் என்றால் வந்து செருப்பால் அடிப்பேன். உன்னிடம் பரிகாரமா கேட்டேன்? பிள்ளை காலுக்கு வைத்தியம் கேட்டேன். வானம் பார்த்த அந்தக் கரட்டு நிலத்தை விற்றால் ஒரு ஆபரேஷனுக்கு வரும். அடுத்ததற்கு எதை விற்பாய்? உனக்குத் தூக்கம் வருவதற்காக நீ எல்லாவற்றையும் விற்றுவிட்டு நிற்பாய், பிள்ளை நொண்டிக்கொண்டு நிற்பாள். வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டினாயே, எதற்கு? ரோட்டில் மடக்கினால் காட்டுவதற்கா?

பணம் எங்கள் கைக்கும் வராது. பிரியா பெயரில் கோர்ட்டே பேங்கில் போட்டு வைக்கும். வைத்தியத்துக்கு வேண்டும் என்று மனுப் போட்டால் அதற்கு மட்டும் கொடுப்பார்கள், மிச்சம் அவளுக்குப் பதினெட்டு வயதானதும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுவதுதான் பத்திரம் என்கிறார் வக்கீலம்மா. மார்ச்சில் நடந்தது, இப்போதே பாதி போய்விட்டது. அந்த 'எதிர்மனுதாரர்' என்கிற வார்த்தை என்னையும் அறுக்கிறது. அதற்காகப் பிள்ளையின் காலை விட முடியாது.

இனி எழுதுவதை நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

தட்டியது நான்தான். அன்றைக்கு உன் வீட்டு வாசலில் நீ வண்டியில் ஏறி உட்கார்ந்து, "அக்கா, பின்னாடி பாத்துச் சொல்லு" என்றாய். சின்ன வயதில் நம் அப்பாவின் டிராக்டருக்குத் தட்டிய பழக்கம். ரெண்டு தட்டினால் வரலாம், ஓங்கி ஒரு அடி அடித்தால் நில். நான் வண்டியின் பக்கவாட்டில் நின்று எதிர்வீட்டுக்காரியிடம் கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டே ரெண்டு தட்டு தட்டினேன். பிரியா வாசலில் முறுக்கு தின்றுகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போன வாரம் அவளாகவே சொன்னாள். "எம் பேருல தூசியா இருந்துச்சும்மா. அதத்தான் தொடைச்சேன்."

நீ போனை எடுக்காதது இதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். "நீதான தட்டுன?" என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். கேட்காமல் கேட்காமல் என்னைக் கொல்கிறாய்.

வக்கீலம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். தாயின் கவனக்குறைவுக்காகப் பிள்ளைக்குச் சேர வேண்டியதைக் குறைக்கக் கூடாது, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றார். அப்படித்தான் சொல்லப்போகிறேன். ஒரு பொய் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

அக்கா


எம்.ரெட்டியபட்டி
5.7.2024

அக்கா,

நிலத்தை விற்கவில்லை. செருப்பைக் காலிலேயே வைத்துக்கொள்.

ஸ்டேஷனுக்குப் போனேன். உன் புகார் அங்கே வந்திருந்தது. ஏட்டையா அதைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இடிச்சவன் ஓடி ஒளிவான். நீ மூணு மாசங் கழிச்சு நாந்தேன் இடிச்சேன்னு வந்து நிக்கிற. ஒனக்கு என்னப்பா பிரச்சினை?" என்றார். என் பிரச்சினை என்ன என்று நான் எங்கே ஆரம்பிப்பது? கேஸ் பதிந்துவிட்டார்கள். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பார்த்தார். பிரேக் சரியாக இருக்கிறது என்றார். பின்கதவைத் தடவிப் பார்த்து, "பெயிண்ட் மட்டும் புதுசா இருக்கு" என்று எழுதிக்கொண்டார். கிரிமினல் கேஸில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவேன்.

தட்டியதைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லாதே. மச்சானுக்குத் தெரியுமா? நம் ஊரில் என்னைப் பேசுவது போதும். டீக்கடையில் நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள், அது எனக்குப் பழகிவிட்டது. பெற்றவளை அப்படிப் பார்க்க விடமாட்டேன். நீ தட்டவே இல்லை. நானாக எடுத்தேன். அப்படியே இருக்கட்டும்.

தூசி துடைத்தாள் என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவன் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பெயரை நான் எழுதியிருக்கவே கூடாது.

தம்பி


அருப்புக்கோட்டை
18.12.2024

தம்பிக்கு,

கேஸ் போட்டதும் கம்பெனி கொடுத்துவிடும் என்று நானும் வெகுளியாக இருந்துவிட்டேன். பதில் போட்டிருக்கிறார்கள். விபத்தே நடக்கவில்லையாம். பிள்ளை மாடிப்படியில் விழுந்தது என்று ஆஸ்பத்திரிப் பதிவேடே சொல்கிறதாம். பணத்துக்காக அக்காவும் தம்பியும் கூடிப் பேசி, மூன்று மாதம் கழித்து ஒரு வண்டியை உள்ளே கொண்டுவந்தார்களாம். பின்கதவுக்குப் புதுப் பெயிண்ட் ஏன் என்றும் கேட்டிருக்கிறார்கள். கூட்டுச் சதி என்று எழுதியிருக்கிறது. நாம் ரெண்டு பேரும் பேசியே ஏழு மாதமாகிறது, கூட்டுச் சதியாம்!

சிரித்தேன், பிறகு அழுதேன். அன்றைக்குப் பொய் சொன்னேன், ஒரு ஆள் சந்தேகப்படவில்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்கிறோம், ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். கேஸ் தோற்றால் பிரியாவின் காலுக்கு நான் ரெண்டாவது முறையாகக் கெடுதல் செய்தவளாவேன். கம்பி வைத்த கால் இப்போதே கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது. அவளுக்கு இன்னும் தெரியாது. ஒருபக்கம் செருப்பு தேய்கிறது என்று செருப்பைத் திட்டுகிறாள்.

என் வீட்டுக்காரரிடம் தட்டியதைச் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வழக்கமா நீ அவன நம்புவ, அவன் ஒன்ன நம்புவான். நடுவுல பிள்ள வந்துருச்சு" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனி ஆள் யாராவது உன் வீட்டுக்கு வந்தாரா? என்ன கேட்டார்?

அக்கா


எம்.ரெட்டியபட்டி
27.12.2024

அக்கா,

வந்தார். சதீஸ்குமார் என்று ஒரு பையன், விசாரணை அதிகாரியாம். மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். நடந்ததை அப்படியே சொன்னேன், தட்டியதைத் தவிர. அவர் எழுதிக்கொண்டே, "சொந்த அக்கா மகளா?" என்று மூன்று தடவை கேட்டார். சொந்தம் என்றாலே சதிதான் போலிருக்கிறது.

பிறகு வீட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். கொல்லைப்பக்கம் போய் வந்தார். "மாடி எங்க இருக்கு?" என்றார். "ஓட்டு வீட்டுக்கு ஏது சார் மாடி?" என்றேன். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று வக்கீலம்மாவிடம் கேள்.

வண்டியை இன்னும் விற்கவில்லை. வந்து பார்த்தவன், பெட்டி புதுசு மாதிரி இருக்கே என்று பாராட்டினான். அவனை அனுப்பிவிட்டேன்.

தம்பி


அருப்புக்கோட்டை
11.2.2025

தம்பிக்கு,

நேற்று நான் கூண்டில் ஏறினேன். கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கம்பெனி வக்கீல் வயதானவர். "ஆஸ்பத்திரில மாடிப்படின்னு சொன்னது நீங்கதான?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்றார். "அதுதான் சார் பொய்" என்றேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். "என் தம்பி வாசல்ல நின்னு அழுதுகிட்டு இருந்தான் சார்" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. ஜட்ஜம்மா தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

பிறகு, நீ சொல்லாதே என்று எழுதியிருந்தும் சொல்லிவிட்டேன். ரெண்டு தட்டு தட்டியது நான் என்று, கத்தரிக்காய் விலை பேசியது உட்பட. என் பாரத்தையும் நீயே தூக்கிக்கொண்டு நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஊர் பேசட்டும்.

மத்தியானம் உன் சதீஸ்குமார் கூண்டில் ஏறினார். வக்கீலம்மா அவர் எடுத்த போட்டோக்களையே அவர் கையில் கொடுத்து, "பிள்ளை உருண்டு விழுந்ததாச் சொல்ற மாடிப்படி இதுல எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓடு, கொல்லை, ஆட்டுக்கொட்டகை, மறுபடி ஓடு. "இல்லீங்க" என்றார். எங்கள் வீட்டிலும் மாடி கிடையாது என்பதற்கு எங்களுக்கு வாடகைக்கு விட்டவரிடம் எழுதி வாங்கி வக்கீலம்மா தயாராக வைத்திருந்தார். ஆபரேஷன் செய்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்கிறார், படியில் விழுந்தால் எலும்பு இப்படி நொறுங்காது, கனமான எதுவோ நசுக்கியிருக்கிறது என்று. அந்த வரியை வாசித்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

நான் எவ்வளவு மட்டமாகப் பொய் சொன்னேனோ, அந்த மட்டம்தான் நம்மைக் காப்பாற்றும்போல.

அடுத்த வாய்தாவில் உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பிரியாவை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும், நான் இருக்க மாட்டேன். அது ஒருவகையில் நல்லதுதான். நான் எதிரில் இருந்தால் நீ எனக்காக ஏதாவது மாற்றிச் சொல்வாய். சொல்லாதே.

அக்கா


எம்.ரெட்டியபட்டி
6.3.2025

அக்கா,

சாட்சி சொல்லிவிட்டேன். நீ இல்லாததால் எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல் பெரியவர் என்னைச் சுற்றி வளைத்தார். "ஒங்க அக்கா தட்டுனாக, அதனால நீங்க பின்னால எடுத்தீங்க. அப்ப தப்பு அவுக மேலதான?" என்றார். தலையாட்டினால் போதும், நான் பாதி தப்பித்துவிடுவேன் என்பதுபோலக் கனிவாகக் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "பத்து வருசமா லோடு அடிக்கிறேன். எந்த லோடுமேன் தட்டுனாலும் நம்ப மாட்டேன். ரெண்டு பக்கக் கண்ணாடியும் பாப்பேன், பத்தலைன்னா எறங்கிப் போயும் பாப்பேன். அன்னைக்குப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"தட்டுனது எங்க அக்கா சார்."

அவர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

அக்கா, இதுதான். இதைத்தான் இத்தனை நாளாக உன்னிடம் சொல்ல வாய் வராமல் போனை எடுக்காமல் இருந்தேன். சொன்னால் உன் தலையில் போடுவதுபோல ஆகிவிடும் என்று பயம். கண்ணாடியைப் பார்த்திருந்தால் அவள் தலை தெரிந்திருக்கும், கையைத் தூக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள் அல்லவா, அந்தக் கையாவது தெரிந்திருக்கும். பார்க்க வேண்டியது என் வேலை. தட்டுவது உன் வேலையே இல்லை. ஓட்டுகிறவன்தான் பார்க்க வேண்டும். இதை நீ மறுக்காதே, எனக்கு இது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

தம்பி


அருப்புக்கோட்டை
17.8.2025

தம்பி செல்லப்பாண்டிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஆபரேஷனுக்கு வேண்டியதை ஆஸ்பத்திரிக்கே கட்டச் சொல்லியிருக்கிறார்கள், மிச்சம் அவள் பெயரில் பேங்கில் இருக்கும். பரீட்சை லீவில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். கால் ரெண்டும் சமமாகிவிடுமா என்று கேட்டேன். அனேகமாக என்றார். அந்த அனேகமாகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தீர்ப்பு முழுக்க உன் பெயர்தான். முதல் எதிர்மனுதாரர் கவனக்குறைவாகப் பின்னோக்கி இயக்கியதால் என்று பக்கத்துக்கு ஒரு தடவை வருகிறது. என் பெயர் ஒரே ஒரு இடத்தில், சிறுமியின் தாயும் பாதுகாவலருமான என்று வருகிறது. பாதுகாவலர்! அதைப் படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. நீ உன் பங்கை வைத்துக்கொள், என் பங்கை என்னிடம் விட்டுவிடு. சாகும்வரை இருக்கட்டும்.

பிரியாவுக்கு ஒருபக்கம் உயரம் வைத்த செருப்பு தைத்திருக்கிறோம். தெருவில் எந்த லோடு வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்குப் போகிறாள். "மாமா எம்மேல கோவமா?" என்று கேட்டாள். "மாமாவுக்குப் போன் பேசினா தொண்டை அடைக்குது" என்றேன். அதற்கு அவள், "அப்ப நானும் பேசல. தட்டறேன்" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. கோர்ட் கதையை நாங்கள் வீட்டில் பேசும்போது பிள்ளை காதை எங்கே கழற்றி வைப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நம்பரிலிருந்து போன் வரும். எடுத்துக் காதில் வைத்துக்கொள். நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவளும் பேசமாட்டாள். போன் மேல் விரலால் ரெண்டு தட்டு தட்டுவாள். அப்புறம் வண்டியை எடு. அவள் பெயரை அழித்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பாள், அதற்கு என்ன சொல்வது என்று வரும் வழியில் யோசித்துக்கொள். நாங்கள் மூன்று பேரும் வாசலில்தான் நிற்போம்.

கண்ணாடியைப் பார்த்து வா.

அக்கா